இரண்டு கெசட்டியர்களுக்கு நடுவே ஒரு வாய்க்கால்

எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் தொகுத்த சேலம் மாவட்ட கெசட்டியர் 1918இல் அச்சானது. ஊர்களைத் தாலுகா வாரியாக விவரிக்கும் அத்தியாயத்தில் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, ஊத்தங்கரை, ஓமலூர், சேலம், திருச்செங்கோடு, ஆத்தூர் எல்லாம் இருக்கின்றன. நாமக்கல் இல்லை. எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் வாசிப்பு அறையில் உட்கார்ந்து, நடுவில் தாள் ஏதும் விட்டுப்போயிருக்குமோ என்று பக்க எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். எண்கள் ஒழுங்காகவே ஓடின.

அங்கே இல்லையென்றால் திருச்சியில் இருக்கும் என்று எஃப். ஆர். ஹெமிங்வே தொகுத்த திருச்சிராப்பள்ளி கெசட்டியரை எடுத்தேன். அது 1907இல் வந்த புத்தகம். முசிறி வரைக்கும் வருகிறது, அதற்கு மேற்கே போகவில்லை. அதிலும் நாமக்கல் இல்லை.

விடை 1910 என்ற ஆண்டில் இருந்தது. அந்த ஆண்டில் நாமக்கல் தாலுகாவைச் சேலத்திலிருந்து எடுத்துத் திருச்சிராப்பள்ளியோடு சேர்த்தார்கள். ஹெமிங்வே எழுதியபோது நாமக்கல் சேலத்துக்குச் சொந்தம். ரிச்சர்ட்ஸ் எழுதியபோது திருச்சிக்குச் சொந்தம். இருவரும் தங்கள் எல்லைக்குள் கவனமாக வேலை செய்தவர்கள்தான். அவர்களுக்கு நடுவே ஒரு தாலுகா முழுசாக நழுவிப்போயிற்று.

நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை 1888இல் மோகனூரில் பிறந்தபோது அது சேலம் மாவட்டம். அவருக்கு 22 வயதாகையில் ஊர் திருச்சி மாவட்டமாகிவிட்டது. பின்னால் மறுபடி சேலம். 1997 முதல் நாமக்கல் மாவட்டம். காவிரிக்கரையில் இருக்கும் ஊர் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அதைப் பற்றிய காகிதங்கள் மட்டும் ஊர் மாறிக்கொண்டே இருந்தன. காகிதத்தைத் தேடிப் போகிறவள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்தந்த ஆண்டில் எந்த மாவட்டத்தின் கட்டைக் கேட்பது என்பதை.

நான் தேடிப் போனது ஒரே ஒரு தேதியை. ஜேடர்பாளையத்தில் காவிரியின் இடது கரையில் பிரிந்து, வெங்கரை, பாண்டமங்கலம், பொத்தனூர், பரமத்தி வேலூர் வழியாக மோகனூர்ப் பக்கம் இறங்கும் ராஜா வாய்க்கால் எந்த ஆண்டில் வெட்டப்பட்டது என்பதை.

இந்தக் கேள்வி எனக்குள் வந்தது நாமக்கல்லில் வைத்து இல்லை. பிரான்சின் மேற்குக் கரையோரம் மாரே புவாத்வேன் என்று ஒரு சதுப்பு நிலம் இருக்கிறது. ஏறக்குறைய 1,00,000 ஹெக்டேர்; அந்த நாட்டில் கமார்க்குக்கு அடுத்த பெரிய ஈரநிலம் அதுதான். ஒரு கருத்தரங்குக்காகப் போனவள் மூன்று நாள் மிச்சம் பிடித்து, கூலோன் என்கிற சின்ன ஊரில் வாடகைக்கு சைக்கிள் எடுத்துக்கொண்டு அந்தக் கால்வாய்க் கரைகளில் சுற்றினேன். தட்டையான அடிப்பாகம் கொண்ட படகுகளை நீளக் கழியால் தள்ளிக்கொண்டு போகிறார்கள். ஒரு காலத்தில் மாடுகளையும் அந்தப் படகுகளில்தான் மேய்ச்சலுக்குக் கொண்டுபோனார்களாம். கரை சரியாமல் இருக்க இருபுறமும் ஆஷ் மரங்களை நட்டு, தலையை வெட்டி வெட்டிக் குட்டையாக வைத்திருக்கிறார்கள். வேர் மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. பாசி மூடிய பச்சைத் தண்ணீருக்காக அதைப் ‘பச்சை வெனிஸ்’ என்று அழைக்கிறார்கள்.

அங்கே ஐந்து மடாலயங்களின் தலைவர்கள் சேர்ந்து வெட்டிய கால்வாய் ஒன்று உண்டு. பெயரே ‘ஐந்து மடாதிபதிகளின் கால்வாய்’. ஆண்டு 1217. சைக்கிளை நிறுத்திவிட்டு அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் அம்மா வழிச் சொந்தங்களெல்லாம் வேலூரில். கோடை விடுமுறையில் நான் நீந்தப் பழகியது ராஜா வாய்க்காலில். அதற்கு வயது என்ன என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. அது அங்கே இருந்தது, அவ்வளவுதான். தேதியுள்ள கால்வாயை அந்த ஊர்க்காரர்கள் எவ்வளவு பெருமையாக வைத்திருக்கிறார்கள் என்று கண்ணால் கண்டபிறகு எனக்கு மனசு ஆறவில்லை.

வேலூரில் யாரைக் கேட்டாலும் ஒரு பெயர் உடனே வரும்: அல்லாள இளைய நாயக்கர். பரமத்திச் சீமையை ஆண்ட பாளையக்காரர். அவர்தான் காவிரியை மறித்து வாய்க்கால் வெட்டினார் என்பது ஊர் வழக்கு. ஜேடர்பாளையத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. காலம் பதினேழாம் நூற்றாண்டு என்பார்கள். நான் இந்த வழக்கைச் சந்தேகிக்கவில்லை. நன்றியுள்ள ஊர் வாய்மொழியாக ஒரு பெயரை முந்நூறு வருஷம் காப்பாற்றி வைத்திருப்பதே பெரிய சான்று. ஆனால் நூற்றாண்டு வேறு, ஆண்டு வேறு. எதிர்க்கரைப் பக்கம், ஈரோட்டில், காலிங்கராயன் வாய்க்காலைப் பதின்மூன்றாம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோக முடிகிறது. பாம்பு நெளிந்து போன தடத்தில் வாய்க்காலை வெட்டினார்கள் என்று அதற்கொரு கதையும் இருக்கிறது. எங்கள் வாய்க்காலுக்கும் ஒரு தடம் கிடைக்காதா என்று பின்னோக்கிப் போக ஆரம்பித்தேன்.

ரிச்சர்ட்ஸுக்கு முன்னால் லெ ஃபானு. அவருடைய சேலம் மாவட்ட மேனுவல் இரண்டு தொகுதிகளாக 1883இல் வந்தது. அப்போது நாமக்கல் சேலத்தில்தான் இருந்தது என்பதால் அந்தத் தாலுகாவுக்கு அதில் இடம் உண்டு. கெசட்டியர்கள் இரண்டும் கைவிட்ட ஊர்களை அங்கே மறுபடி பார்த்தபோது காணாமல்போன உறவினரைக் கண்டதுபோல இருந்தது. ஆனால் 1883க்குள் வாய்க்கால் எப்போதோ பழையதாகிவிட்டது. கம்பெனி அதிகாரிகள் அதை வெட்டவில்லை. வரி விதிக்க வந்தபோது அது ஓடிக்கொண்டிருந்தது.

அவர்கள் வந்தது 1792இல். ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலத்தையும் விட்டுக்கொடுத்தார். நிர்வாகம் கேப்டன் அலெக்சாண்டர் ரீடின் கைக்கு வந்தது. அவருக்குக் கீழே தாமஸ் மன்றோ, கிரஹாம், வில்லியம் மக்லியாடு என்று மூன்று உதவியாளர்கள். மன்றோவின் பெயர்தான் சரித்திரத்தில் நின்றது. ஆனால் தாலகாட் என்று அவர்கள் அழைத்த தெற்குப் பகுதியை, அதாவது எங்கள் பகுதியை, பார்த்துக்கொண்டவர் மக்லியாடு. சேலம் என்றவுடன் மன்றோவின் கடிதங்களுக்குப் பாய்கிற ஆய்வாளர்கள் வழி தவறும் இடம் இதுதான். நானும் முதல் ஒரு வாரத்தை அப்படித்தான் மன்றோவிடம் செலவிட்டேன்.

அடுத்த தடங்கல் மிட்டா. ரீடும் மன்றோவும் உழவரோடு நேராகக் கணக்கு வைத்துக்கொள்ளும் முறையை இந்த மண்ணில்தான் பழகிப் பார்த்தார்கள். ஆனால் 1802க்குப் பிறகு சேலம் ஜில்லாவில் நிலத்தை மிட்டாக்களாகத் துண்டு போட்டு ஏலத்தில் விட்டார்கள். ஒரு வாய்க்கால் பல மிட்டா வழியாக ஓடலாம். கணக்கு மிட்டாதாருக்கு மிட்டாதார் மாறும். அரசாங்கக் கட்டுகளில் வாய்க்காலின் கதை துண்டு துண்டாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம்.

பிரான்சிஸ் புக்கானன்மேல் பெரிய நம்பிக்கை வைத்திருந்தேன். திப்பு விழுந்த அடுத்த ஆண்டு, 1800இல், கம்பெனி அவரை மைசூர், கொங்கு, மலபார்ப் பக்கம் அனுப்பியது. பயிர், ஏர், உரம், கூலி, நீர் என்று எதையும் விடாமல் எழுதியவர். மூன்று தொகுதிகள், 1807. ஈரோடு, கொடுமுடி, புகளூர், கரூர் என்று பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவள், புகளூரில் கையை வைத்து நிறுத்தினேன். புகளூருக்கு எதிரே ஆற்றின் அந்தப் பக்கம் வேலூர். அவர் வந்த வழி வலது கரை. எங்கள் வாய்க்கால் இடது கரை. நடுவில் ஒரு காவிரி.

பொறியாளர்களின் அறிக்கைகளும் கைகொடுக்கவில்லை. ஆர்தர் காட்டன் 1836இல் முக்கொம்பில் மேலணையைக் கட்டியபிறகு காவிரி என்றால் தஞ்சாவூர் என்றாகிவிட்டது. பேர்ட் ஸ்மித் 1856இல் எழுதிய பெரிய அறிக்கையும் டெல்டாவைப் பற்றியதுதான். மேலே, மேட்டூருக்கும் முக்கொம்புக்கும் நடுவில், ஆற்றின் இரு பக்கமும் பழைய வாய்க்கால்கள் சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தன. சத்தமில்லாமல் வேலை செய்கிற எதுவும் அறிக்கையில் ஏறுவதில்லை என்பது இத்தனை வருஷ அனுபவத்தில் நான் கண்டது.

மேலிருந்து தேடுவதை விட்டுவிட்டு கிராமத்திலிருந்து தேடலாம் என்று முடிவெடுத்தேன். ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் அ-பதிவேடு உண்டு. புல எண், நன்செயா புன்செயா, தரம், தீர்வை, பட்டாதாரர் பெயர் என்று கட்டம் கட்டமாக இருக்கும். அதில் பாசன ஆதாரத்துக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. அந்த ஒரு கட்டத்தை மட்டும் ஊர் ஊராகக் குறித்துக்கொண்டே போனால், வரைபடம் இல்லாமலே வாய்க்கால் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். எந்த ஊரில் நன்செய் தொடங்குகிறது, எந்த ஊரில் தண்ணீர் எட்டாமல் புன்செய் ஆகிறது, எந்தப் புல எண்ணில் ‘வாய்க்கால் புறம்போக்கு’ என்று வருகிறது என்பதையெல்லாம் ஒரு நாற்பது பக்கக் குறிப்பேட்டில் எழுதினேன்.

அதற்கும் முந்தைய பைமாஷ் என்கிற நில அளவைக் கணக்குகள் கர்ணம் வீடுகளில் இருந்திருக்கும். 1980 நவம்பரில் பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகளை அரசு ஒழித்தது. ஒழித்தது நியாயம், அந்த அதிகாரம் யார் தலையில் எப்படி இறங்கியது என்று கேட்டுத் தெரிந்தவள் நான். ஆனால் பரண்மேல் இருந்த கட்டுகளைப் பற்றி அன்று யாரும் யோசிக்கவில்லை. பழைய கணக்குப்பிள்ளை வீடு ஒன்றில் பேரன் என்னை அன்போடு உட்காரவைத்து மோர் கொடுத்தார். தாத்தா காலத்துக் கட்டுகள் இருந்த மூலையைக் காட்டினார். கரையான் புற்றின் தடம் சுவரில் இன்னும் இருந்தது. பக்கத்திலேயே ஆணியில் ஒரு சைக்கிள் தொங்கியது. கம்பி வைத்த பழைய ஹெர்குலஸ். தாத்தா ஜமாபந்திக்குப் போய்வந்த வண்டியாம். “எடுத்துட்டுப் போங்கக்கா, காத்தடிச்சா ஓடும்” என்றார். டியூப் இரண்டையும் மாற்ற வேண்டியிருந்தது. மற்றபடி அவர் சொன்னது சரி.

மார்கழி மாதம். பஸ்ஸின் மேற்கூரையில் வண்டியைக் கட்டி ஜேடர்பாளையத்தில் இறங்கியபோது ஆற்றின்மேல் பனி கலையவில்லை. சற்று மேலே சோழசிராமணியில் மின்சாரத்துக்கான கதவணை. இங்கே படுகை அணை. தண்ணீர் அணைமேல் வழிந்து விழுகிற சத்தம் பூங்கா வாசல்வரை கேட்டது. மீன் வறுக்கிற கடைகள் அந்நேரத்தில் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தன.

ஊர்ப்பெயரிலேயே எனக்கொரு பாடம் இருந்தது. ஜேடர் என்பது நெசவாளரைக் குறிக்கும் கன்னட வழக்கு, தமிழில் சேடர். ஆங்கிலத்தில் எழுதிய குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஆகவே சொல்லடைவில் இந்த ஊரை ஓர் எழுத்தின்கீழ் மட்டும் தேடினால் கிடைக்காது.

தலைமதகைத் தாண்டி வாய்க்கால் கரையில் ஏறினேன். ஓரிடத்தில் தார், ஓரிடத்தில் செம்மண், ஓரிடத்தில் புல். மிதிக்க மிதிக்க ஒன்று தெளிவானது. என் வலப்பக்கம் முழுக்கப் பச்சை: வாழை, கரும்பு, வெற்றிலைக் கொடிக்கால், தென்னை, நெல். இடப்பக்கம் மண்ணின் நிறமே வேறு: சோளத்தட்டு, முருங்கை, பனை, ஆட்டுப்பட்டி. நடுவே வாய்க்கால், நூல் பிடித்ததுபோல. தண்ணீர் தானாக இறங்கக்கூடிய மிக உயர்ந்த கோட்டைக் கண்டுபிடித்து அதன் வழியாகவே கொண்டுபோயிருக்கிறார்கள். ஒரு முழம் மேலே போயிருந்தால் தண்ணீர் ஏறாது. ஒரு முழம் கீழே போயிருந்தால் நூறு ஏக்கர் போயிருக்கும். லெவல் பார்க்கும் கருவி இல்லாத காலத்தில், தண்ணீரையே விட்டுப் பார்த்து, அது நின்ற இடத்தைத் தோண்டி, மறுபடி விட்டுப் பார்த்துத்தான் இதைச் செய்திருக்க முடியும். நாற்பது பக்கக் குறிப்பேட்டில் கட்டம் கட்டமாக எழுதியது இங்கே இரண்டு நிறங்களாகக் கிடந்தது. இறங்கி, கரைமேல் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வடகரையாத்தூர் தாண்டினால் கரும்பாலைக் கொட்டகைகள். பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் இந்த வட்டாரத்தின் வாசனையே வேறு. சக்கையை எரித்துக் கொப்பரையில் சாறு காய்ச்சுகிறார்கள். உருண்டையும் அச்சுமாக வெல்லம் பிடித்து, 30 கிலோ சிப்பங்களாகக் கட்டி, பிலிக்கல்பாளையம் ஏலத்துக்கு அனுப்புவார்கள். கொட்டகையில் என்னை நிறுத்தி வாழையிலைத் துண்டில் சூடான பாகு வைத்துக் கொடுத்தார்கள்.

கொடிக்கால்களுக்குள் வெயில் தரையில் விழாது. அகத்தி மரங்களை நெருக்கி நட்டு அவற்றின்மேல் கொடியை ஏற்றிவிடுகிறார்கள். வெள்ளைக்கொடி, கற்பூரி என்று ரகம். நூறு இலை ஒரு கவுளி. 104 கவுளி ஒரு சுமை. வேலூரில் வெற்றிலைக்குத் தனி ஏலம், வாழைத்தாருக்குத் தனி ஏலம். பூவன், ரஸ்தாளி, பச்சைநாடன், கற்பூரவள்ளி என்று தார்கள் வரிசையாக நிற்கும். ஆற்றை ஒட்டிய படுகைகளில் கோரை. கரூர்ப் பக்கமும் இங்கேயும் பாய் நெய்ய வளர்க்கிறார்கள். காற்று அடித்தால் கோரைப்பட்டி அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும். பிரான்சின் சதுப்பு நிலத்தில் நாணல் சாய்ந்ததை நான் நினைத்துக்கொண்டது அங்கேதான்; அதன்பிறகு அந்த ஊர் நினைவுக்கு வரவில்லை.

எல்லாம் அழகாக இருந்தது என்று எழுதினால் பொய். பல இடங்களில் ஆகாயத்தாமரை வாய்க்காலை மூடிக்கிடந்தது. ஊர்களுக்குள் நுழைகிற இடங்களில் சாக்கடை நேராக உள்ளே விழுகிறது. சேலத்து மலையடிவாரத்தில் பிறந்து வரும் திருமணிமுத்தாறு நன்செய் இடையாறில் காவிரியோடு கலக்கிறது. சேலம் நகரத்தின் கழிவையும் சாயத்தையும் வழிநெடுக வாங்கிக்கொண்டு வந்து சேர்கிற ஆறு. ‘நன்செய்’ என்பதைத் தன் பெயரிலேயே வைத்திருக்கிற ஊரில் நின்று அந்தத் தண்ணீரைப் பார்ப்பது எனக்குத் தாங்கவில்லை.

பாண்டமங்கலம் அருகே ஒரு மதகில் பெரியவர் ஒருவர் பலகையைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார். பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது பாசனதாரர்கள் கூப்பிட்டால் வருவாராம். நான் வந்த காரியத்தைச் சொன்னேன்.

“எப்ப வெட்டுனாங்கன்னா கேக்கறீங்க அம்மிணி?”

“ஆமாங்கய்யா. வருஷம் தெரியணும்.”

அவர் பலகையைப் பொருத்திவிட்டுக் கையைத் துடைத்தார். “வருஷா வருஷம்தானுங் வெட்டுவாங்க. இப்பத்தான் அணை இருக்குது. முன்னெல்லாம் ஆத்துல கொரம்பு போடோணும். முளையடிச்சு, தழையப் போட்டு, மணலை ஏத்தி, அப்பறந்தான் தண்ணி இந்தப் பக்கம் திரும்பும். ஆடில வெள்ளம் வந்தா அடிச்சுட்டுப் போயிரும். திருப்பிப் போடோணும். எங்கப்பாரு காலத்துல ஊட்டுக்கு ஒரு ஆள் போகோணும், போகலீன்னா மடையத் தொறக்க மாட்டாங்க.”

“வெட்டினது நாயக்கர்னு சொல்றாங்களேங்கய்யா?”

“அவருதான் வெட்டுனாரு. அப்பறம் நாங்க வெட்டுனோம்.”

நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு வருஷமாக ஆவணக் காப்பகத்தில் கேட்டதெல்லாம் கட்டுமானம் பற்றிய கட்டுகள். யார் கட்டினார், எப்போது கட்டினார், எவ்வளவு செலவு. அவர் சொன்ன வேலையோ ‘மராமத்து’ என்ற தலைப்பின்கீழ் போயிருக்கும். குடிமராமத்து: வாய்க்காலையும் ஏரியையும் ஊரார் கூடித் தூர் வாருவது, கரை கட்டுவது. அந்த வழக்கத்துக்கு வராதவர்மேல் நடவடிக்கை எடுக்க 1858இல் சென்னை மாகாணத்துக்கென்று ஒரு சட்டமே வந்தது. கட்டாய உழைப்புச் சட்டம். ஊர் தானாகச் செய்துவந்த ஒன்றை அரசு சட்டத்துக்குள் கொண்டுவந்த இடத்தில்தான் காகிதம் பிறக்கும். யார் வரவில்லை, எந்த ஊர் எந்த ஊர்மேல் புகார் சொன்னது, கொரம்பு எத்தனை முறை போயிற்று என்பதெல்லாம் அந்தக் காகிதத்தில்தான் இருக்க வேண்டும். குடிமராமத்து என்ற பெயரைத் தமிழக அரசு 2017இல் மறுபடி ஒரு திட்டத்துக்குச் சூட்டியபோது எத்தனையோ கட்டுரைகள் வாசித்தேன். என் தேடலை அதோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. எதிரே எட்டடி தூரத்தில் அதற்கான விடை பலகையைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது.

மேட்டூர் அணை 1934இல் திறந்தபிறகு ஆற்றின் நடத்தையே மாறிவிட்டது. வெள்ளம் அடங்கியது, தண்ணீர் எப்போது வரும் என்பது ஆடி மாதத்தின் கையிலிருந்து மேட்டூரின் கைக்குப் போயிற்று. கொரம்பு போட்ட கைகள் மெல்ல மெல்ல ஆற்றைவிட்டு விலகின. ஆகவே நான் பார்க்க வேண்டியது 1858க்கும் 1934க்கும் நடுவே உள்ள பசலிகள், அதாவது வருவாய்க் கணக்கு ஆண்டுகள். பசலியோடு 590ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு. பசலி 1292 என்றால் 1882. தேட வேண்டிய எல்லை முதல்முறையாக என் கைக்குள் அடங்கியது.

வேலூரில் இரவு தங்கி, மறுநாள் விடியற்காலை மோகனூர் நோக்கி மிதித்தேன். தேசிய நெடுஞ்சாலைப் பாலத்தின் அடியில் நுழைந்து வெளியே வந்தால் லாரிச் சத்தம் பின்னால் போய்விடும். ஒருவந்தூர் தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது. வாய்க்கால் இங்கே ஒடுங்கிப்போயிருந்தது. ஜேடர்பாளையத்தில் இறங்கிக் குளிக்கப் பயந்த தண்ணீர் இங்கே முழங்கால் அளவு. கடைமடை.

ஒரு அம்மா மண்வெட்டியோடு தன் வயலுக்கு மடை மாற்றிக்கொண்டிருந்தார். வாழைமட்டையை மடித்து வாய்க்காலின் குறுக்கே வைத்து, அதன்மேல் புல் கரணையை அமுக்கி, மண்ணை வெட்டிப் போட்டார். தண்ணீர் கொஞ்சம் தயங்கியது, பிறகு வரப்பின் வாய்க்குள் திரும்பியது. பெரியவர் ஆற்றில் போட்டதாகச் சொன்ன கொரம்பு, ஒரு முழ அகலத்தில். மூன்று நிமிஷம் ஆகவில்லை.

வணக்கம் சொல்லி, குறிப்பேட்டை எடுத்து, எத்தனை மணி நேரம் முறை, யாருக்கு அடுத்தது என்று கேட்டேன். பக்கத்தின் தலைப்பில் ‘ராஜா வாய்க்கால், கடைமடை’ என்று எழுதியதை எட்டிப் பார்த்தார்.

“ராஜா வாய்க்காலுன்னு எழுதாதீங்க அம்மிணி. அது மேலயே முடிஞ்சு போச்சு. இது மோகனூர் வாய்க்கால்.”

“ரெண்டும் ஒண்ணுதானுங்களேம்மா?”

“தண்ணி ஒண்ணுதான். கணக்கு வேற. குமாரபாளையம் வாய்க்காலுக்குத் தனிக் கணக்கு, பொய்யேரி வாய்க்காலுக்குத் தனி, எங்களுக்குத் தனி. மேல தண்ணி உட்டுட்டோம்னு எழுதி வெச்சுக்குவாங்க, இங்க வந்திருக்காது. அதுக்குத்தான் எங்க பேரைத் தனியா எழுதச் சொல்றது.”

நான்கு வாய்க்கால். எல்லாம் சேர்ந்து 16 ஆயிரம் ஏக்கருக்கு மேல் பாய்கின்றன. செய்தித்தாளில் நான்கு பெயரையும் எத்தனையோ முறை ஒரே வரியில் படித்திருக்கிறேன். அப்படியிருந்தும் காப்பகத்தில் கொடுத்த ஒவ்வொரு சீட்டிலும் ஒரே பெயரைத்தான் எழுதினேன், ராஜாவின் பெயரை. பழைய தலைப்பை அவர் கண்முன்னாலேயே அடித்துவிட்டு, மோகனூர் வாய்க்கால் என்று எழுதிக் காட்டினேன். தலையாட்டிவிட்டு அடுத்த வரப்புக்குப் போனார்.

சைக்கிளைத் திரும்ப ஒப்படைத்துவிட்டு சென்னை வந்தேன். திங்கட்கிழமை காலை வாசிப்பு அறை திறந்ததும் நான்கு சீட்டுகள் வாங்கினேன். துறை என்ற இடத்தில் வருவாய், பொருள் என்ற இடத்தில் மராமத்து. மாவட்டம் என்ற இடத்தில் 1910 வரைக்கும் சேலம், அதற்குப் பிறகு திருச்சிராப்பள்ளி. முதல் சீட்டில் வாய்க்காலின் பெயர் மோகனூர்.